மருந்து அடிக்காத மரங்கள்

கிணத்துக்கடவு
14.9.2024

அன்பு நித்யாவுக்கு,

அண்ணி பவதாரணி எழுதறது. உடம்பு எப்படி இருக்கு? போன வாரம் சொன்ன இருமல் போச்சா? இங்கே மாமா, அத்தை, உங்கண்ணன் மிதுன் எல்லாரும் நல்லா இருக்கோம். அத்தைக்கு முழங்கால் வலி வந்து வந்து போகுது. நீ அனுப்புன தைலம் தீரப் போகுது.

போன்ல உதவி கேட்டா, "கையால கடுதாசி எழுதுங்க அண்ணி"ன்னு சொல்லிப்போட்டே. புனேயில உன்கிட்டப் பேச்சுப் பயிற்சிக்கு வர்ற ஆராய்ச்சிப் பசங்களுக்கெல்லாம் இதுதான் முதல் வேலையாமே. ஊட்டு ஆள் ஒருத்தருக்குத் தன்னோட ஆராய்ச்சியைக் கடிதமா எழுதணும், போன்ல பேசக் கூடாது, மெயில் கூடாது. சரி, கடுதாசின்னு ஒண்ணு எழுதி எட்டு வருசம் இருக்கும். எழுத்து கோழி கிளறுன மாதிரி இருந்தா மன்னிச்சுக்கோ.

ஆகஸ்ட்ல நடந்ததை உனக்கு முழுசாச் சொல்லலே. எங்க ஆராய்ச்சி நிலையத்துல ஆய்வுக் கூட்டம். தென்னையில வர்ற வெள்ளை ஈ பத்தி நான் பேசணும். இருபது ஸ்லைடு வெச்சிருந்தேன். அஞ்சாவதுலயே குரல் உள்ளே போயிருச்சு. திரையைப் பார்த்துப் படிச்சேன், கூட்டத்துப் பக்கம் திரும்பவே இல்லே. கடைசியா மோகன்குமார்னு ஒரு அதிகாரி, நல்ல மனுசன், "சரிங்கம்மா, இப்ப விவசாயிக்கு நாங்க என்னன்னு போய்ச் சொல்லட்டும்?"னு கேட்டார். நித்யா, எனக்கு ஒரு வார்த்தை வரலே. பேப்பரைப் புரட்டறேன், புரட்டறேன், எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. எங்க தலைவர் சுந்தரராஜுலு சார்தான் எழுந்து எதையோ சொல்லிச் சமாளிச்சார்.

அதுக்கப்புறமும் சார் என்னைக் கைவிடலே. பிப்ரவரியில கோயமுத்தூர்ல இளம் விஞ்ஞானிகள் மாநாடு. ஆறு நிமிஷம் பேசணும். முதலா வர்றவங்களுக்கு ரெண்டு வருச ஆராய்ச்சிப் பணி. அதுக்கு என் பேரைக் குடுத்திருக்கார். என் கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது. அது உனக்கே தெரியும்.

என்னை எப்படியாச்சும் பேச வெச்சிரு. உடம்பைப் பார்த்துக்கோ. வெளிச் சாப்பாட்டைக் குறைச்சுக்கோ.

அன்புடன்,
அண்ணி பவா


புனே
25.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நித்யஸ்ரீயோட வணக்கமுங்க. இருமல் போயிருச்சு. அம்மாவை மாடிப்படி ஏற வேண்டாம்னு சொல்லுங்க, தைலத்துக்கு முன்னாடி அதுதான் முக்கியம். அப்பா என்னைப் பத்திக் கேட்டாரா?

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க எவ்வளவு மோசமாப் பேசினீங்கன்னு ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க! அந்தக் கூட்டம் அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்துருச்சு. ஆனா வெள்ளை ஈயைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. சொல்ல வராதவங்க இப்படி எழுத மாட்டாங்க அண்ணி. அதனால "எனக்குப் பேச வராது"ன்னு இனிமே என்கிட்டச் சொல்லாதீங்க.

அடுத்த கடிதத்துல உங்களைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். மரத்தைப் பத்தி எழுதுங்க. என்ன நோவு, நீங்க என்ன பண்ணீங்க, என்ன ஆச்சு. நம்ம தோட்டத்து மரத்துக்கு மருந்து அடிச்சீங்க, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகப் பக்கத்துல சுப்பாத்தாள் பெரியம்மா தோட்டத்தை அடிக்காம விட்டீங்கன்னு அப்பா சொன்னார். அந்த மரமெல்லாம் இப்ப எப்படி இருக்கு? எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

அண்ணனை ராத்திரி நேரத்தோட சாப்பிடச் சொல்லுங்க.

உங்க,
நித்யா


கிணத்துக்கடவு
8.10.2024

அன்பு நித்யாவுக்கு,

நாங்க எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்கணும். மாமா உன்னைக் கேட்டாராவா? உன் கடுதாசி உறையைக் கூடத் தூக்கிப் போட விட மாட்டேங்கறார்.

நீ சொன்னபடி எழுதறேன்.

வெள்ளை ஈ கடுகை விடச் சின்னது. ஓலைக்கு அடிப்பக்கம் உக்காந்துக்கிட்டு, வெள்ளையா மாவு தூவுன மாதிரி சுருள் சுருளா முட்டை வைக்கும். சாறை உறிஞ்சிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசுக்கை விடும். அந்தப் பிசுக்கு மேல கரும்பூசணம் பிடிச்சு ஓலையே கருத்துப்போகும். நம்ம தோட்டத்துக்குள்ள போனா போன வருசம் சட்டையெல்லாம் கரி ஒட்டுச்சு. மாமா மரத்தை அண்ணாந்து பார்க்கறதையே விட்டுட்டார்.

சுந்தரராஜுலு சார் பன்னெண்டு வருசமா ஒரு பூஞ்சாணத்தை வளர்க்கறார். அது பூச்சியைப் பிடிச்சுக் கொல்லும், மனுசனுக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. அதைத் தண்ணியில கலக்கி நம்ம மரம் அறுபதுக்கு ஜனவரியில இருந்து மாசம் ஒருக்கா அடிச்சோம். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கீற்றுக்கு எழுபத்தெட்டு ஈ. ஜூலையில எண்ணுனப்போ பதினொண்ணு.

இப்ப ஓலை பச்சை காட்டுது. மாமாவுக்குப் பிடிபடாத சந்தோசம். பால் சொசைட்டிக்குப் போனாலும் இதே பேச்சு. "எங்க ஊட்டு மருமக கண்டுபிடிச்ச மருந்து"ங்கறார். நான் கண்டுபிடிக்கலே மாமான்னு சொன்னா காதுல வாங்கறதே இல்லே. அவர் பேச்சைக் கேட்டுப் பதினோரு பேர் மருந்து வாங்கி அடிச்சிட்டு இருக்காங்க.

மேடையில கையை எங்க வெச்சுக்கறது? எனக்கு அதுதான் பெரிய தொந்தரவா இருக்கு. அதை எழுது.

அன்புடன்,
பவா


புனே
20.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்க நான் சௌக்கியமுங்க. தீபாவளிக்கு லீவு கிடைக்கலே, அம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லிருங்க.

அண்ணி, அருமை! "மாமா அண்ணாந்து பார்க்கறதையே விட்டுட்டார்"ங்கற இடத்தை மறுபடி மறுபடி படிச்சேன். இதையே மேடையில சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொன்னாலும் இதே வரிசையில சொல்லுங்க. கையைப் பத்திக் கவலையே வேண்டாம். சொல்ற விஷயத்துல மனசு இருந்தா கை அது பாட்டுக்கு இருக்கும். இல்லேன்னா ஒரு பேனாவைப் பிடிச்சுக்குங்க.

அடிக்காத மரங்களைப் பத்தி எழுத மறந்துட்டீங்க. பரவாயில்லே, அடுத்ததுல எழுதுங்க.

இன்னொண்ணு. இருபது ஸ்லைடை ஏழாக்குங்க. ஆறு நிமிஷத்துல ஒரே ஒரு சேதிதான் கேக்கறவங்க மனசுல நிக்கும். அதைக் குழப்பற எதுவா இருந்தாலும் ஈவு இரக்கம் பார்க்காம வெளிய எடுத்துருங்க. இதைத்தான் எல்லாப் பசங்களுக்கும் சொல்லறேன். எடுக்கவே மனசு வராது, ஆனா எடுத்தாத்தான் பேச்சு நிக்கும்.

தயாரானதும் அப்பாவோட விவசாயிகள் குழுவுக்கு முன்னாடி தமிழ்ல ஒருக்கா பேசிப் பாருங்க. அவங்களுக்குப் புரிஞ்சா நடுவர்களுக்கும் புரியும். ஸ்லைடுகளோட ஜெராக்ஸை எனக்கு அனுப்புங்க.

உங்க,
நித்யா


கிணத்துக்கடவு
29.11.2024

அன்பு நித்யாவுக்கு,

ரொம்ப நாளா எழுதலேன்னு கோவிச்சுக்காதே. தீபாவளி, அப்புறம் மழை, நிலையத்துல வேலை. அத்தைக்குக் கால் தேவலை.

நீ சொன்னபடி ஏழு ஸ்லைடு ஆக்கிட்டேன், ஜெராக்ஸ் இதுக்குள்ளயே இருக்கு. குழப்பறதை எல்லாம் எடுத்துட்டேன். பேச்சு இப்ப அஞ்சே முக்கால் நிமிஷம் வருது. குளியலறையில, பஸ்ல, அடுப்படியிலன்னு சொல்லிப் பார்க்கறேன். உங்கண்ணன் தூக்கத்துலயே சொல்லறார், "எழுபத்தெட்டு, பதினொண்ணு"ன்னு.

நேத்து சார் முன்னாடி பேசிக் காட்டுனேன். அவர் முழுசும் கேட்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, "பவதாரணி, நான் பன்னெண்டு வருசமா இதை இவ்வளவு தெளிவா ஒருத்தருக்கும் சொன்னதில்லேம்மா"ன்னார். அந்தப் பூஞ்சாணத்தைக் கரண்ட் போற நாள்லயெல்லாம் தன் வீட்டு ஃபிரிட்ஜுல கொண்டுபோய் வெச்சுக் காப்பாத்தியிருக்கார். அவர் வீட்டம்மா வெங்கடலட்சுமி அம்மா, தயிர் வைக்க இடமில்லேன்னு சண்டை போடுவாங்களாம். மே மாசம் ரிட்டயர் ஆகறார்.

உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நல்லாப் பேசக் கத்துக்கிட்டா, எதை வேணும்னாலும் நம்ப வெச்சுரலாம், இல்லே?

வேற ஒண்ணுமில்லே. ஸ்வெட்டர் போட்டுக்கோ.

அன்புடன்,
பவா


புனே
9.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

குளிர் ஆரம்பிச்சாச்சுங்க, ஸ்வெட்டர் போட்டுட்டேன். அம்மாவுக்குக் கால் தேவலைன்னு படிச்சதும் நிம்மதி.

ஸ்லைடு எல்லாம் பார்த்தேன். அஞ்சாவது ஸ்லைடுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே ஒரு கோடு, எழுபத்தெட்டுல இருந்து பதினொண்ணுக்கு இறங்குது, வேற ஒண்ணுமே இல்லே. என் வகுப்புல காட்டுனேன். "இப்படித்தான் இருக்கணும்"னு சொன்னேன். பசங்க எழுதிக்கிட்டாங்க.

நல்லாப் பேசினா எதை வேணா நம்ப வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நம்ப வைக்கறதுதானே அண்ணி நம்ம வேலை! தைரியமா இருங்க. நீங்க ஜெயிப்பீங்க.

உங்க,
நித்யா


கிணத்துக்கடவு
12.1.2025

அன்பு நித்யாவுக்கு,

நலம். பொங்கலுக்கு ஊட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு. நீ இல்லாத குறைதான்.

போன ஞாயித்துக்கிழமை பால் சொசைட்டிக் கட்டடத்துல பேசினேன். நாப்பது பேர் இருப்பாங்க. மாமா எல்லாரையும் முந்தின நாளே போய்க் கூப்பிட்டிருந்தார். அவரே நாற்காலியைத் தூக்கிப் போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்து, அமர்க்களம். நான் பேப்பர் இல்லாமப் பேசினேன் நித்யா. குரல் ஒரு தடவை கூட உள்ளே போகலே. சட்டையில கரி ஒட்டுனதைச் சொன்னப்போ எல்லாரும் "ஆமாமா"ன்னாங்க. முடிச்சதும் கை தட்டுனாங்க. மாமா முகத்தை நீ பார்த்திருக்கணும்.

அப்பத்தான் சுப்பாத்தாள் பெரியம்மா எழுந்தாங்க. "ஏனுங் கண்ணு, தப்பா நினைச்சுக்காதே. என்ற மரத்துக்கு நீ ஒண்ணுமே அடிக்கலியே. எனக்கும் ஈ போயிருச்சே. அது எப்படிங் கண்ணு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா, "பக்கத்துல நாங்க அடிச்ச காத்து உனக்கும் அடிச்சிருக்குமாத்தா! ஓசியிலயே உனக்கு வைத்தியம் ஆயிருச்சு போ!"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. பெரியம்மாவும் சிரிச்சிட்டு, "அப்படீங்களாக்கும்"னு உக்காந்துட்டாங்க.

நானும் சிரிச்சேன்.

மாநாட்டுல பேச்சு முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் கேள்வி கேப்பாங்களாம். அதுக்கு எப்படித் தயாராகறதுன்னு எழுது.

பவா


புனே
22.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்லா இருக்கேனுங்க. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

உங்க கடிதம் வந்து அஞ்சு நாள் ஆச்சு. நீங்க எழுதின நாலு கடிதத்தையும் மேஜை மேல வரிசையா வெச்சுப் படிச்சேன். அடிக்காத மரம் எப்படி இருக்குன்னு செப்டம்பர்ல கேட்டேன். அக்டோபர்லயும் கேட்டேன். டிசம்பர்ல நான் கேக்கவே மறந்துட்டேன், அந்த ஒத்தைக் கோட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டுட்டேன். பெரியம்மா எழுந்து கேக்க வேண்டியதாயிருச்சு.

கேள்விக்கு எப்படித் தயாராகறதுன்னு என் பசங்களுக்கு ஒரு மணி நேரம் பாடமே எடுப்பேன். உங்களுக்கு அது தேவைப்படாது அண்ணி. இந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்குத் தெரியும்.

குழப்பறதை வெளிய எடுங்கன்னு சொன்னவ நான்தான். எதை எடுத்தீங்கன்னு நான் கேக்கலே. அதுக்காக என்னைத் திட்டுங்க, தப்பில்லே. போன் பண்ண மாட்டேன். உங்களுக்கு எப்ப எழுத முடியுமோ அப்ப எழுதுங்க. என்ன எழுதினாலும் நான் உங்களுக்கு நித்யாதான்.

அந்த மரங்கள் எப்படி இருக்கு?

நித்யா


கிணத்துக்கடவு
3.2.2025

நித்யா,

அடிச்ச மரம்: 78, ஆறு மாசம் கழிச்சு 11.
அடிக்காத மரம்: 76, ஆறு மாசம் கழிச்சு 12.

ஜூலை கடைசியில எண்ணி முடிச்சேன். நம்பாம மறுபடி எண்ணுனேன். ஓலையை லென்ஸ் வெச்சுப் பார்த்தா ரெண்டு தோட்டத்துலயும் ஈயோட கூட்டுல சின்னதா ஒரு வட்ட ஓட்டை. ஒரு குட்டிக் குளவி இருக்கு, கண்ணுக்கே தெரியாது. வெள்ளை ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வெச்சுத் தின்னுட்டு ஓட்டை போட்டு வெளிய வரும். அது தானா வந்திருக்கு. அதுதான் வேலையைச் செஞ்சிருக்கு. நாங்க அடிச்சதால ஒண்ணும் நடக்கலே.

ஆகஸ்ட்ல மோகன்குமார் சார் "விவசாயிக்கு என்ன சொல்லட்டும்"னு கேட்டப்போ பேச வராம நான் நிக்கலே. என்ன சொல்லணும்னு தெரிஞ்சதாலதான் நின்னேன். எல்லாரும் எனக்குப் பேசத் தெரியாதுன்னு நினைச்சாங்க. அது எனக்கு வசதியாப் போச்சு. உன்கிட்டயும் அப்படியே சொல்லிப்போட்டேன்.

சார் அடிக்காத மரத்துக் கணக்கைக் கேக்கவே இல்லே. அடிச்ச மரத்துக் கணக்கைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துருச்சு. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பலே. பன்னெண்டு வருசம் நித்யா. மாமா வேற ஊரெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு வேலையும் போகுது.

இதை எப்படிச் சொல்லறது? உன்கிட்ட இதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?

பவா


புனே
8.2.2025
விரைவுத் தபால்

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதினீங்களே, அதுவே எனக்குப் போதுமுங்க. ஆறு மாசமா இதை வயித்துல வெச்சிட்டு எப்படிச் சோறு தின்னீங்க? அதை நினைச்சுத்தான் அழுதேன்.

பயிற்சின்னு ஒண்ணும் இல்லே. ஆனா ரெண்டு விஷயம் எனக்குத் தெரியும். ஒண்ணு, இது யாரை அதிகம் நோகடிக்குமோ அவர்கிட்ட முதல்ல சொல்லணும், தனியா. சார் இதை மேடையில இருந்து கேக்கக் கூடாது. அப்பாவும் ஊர் வாயில இருந்து கேக்கக் கூடாது. ரெண்டாவது, சுத்தி வளைக்காதீங்க. நம்பர் நாலையும் சொல்லிட்டுப் பேசாம இருங்க. அவங்க பேசற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். அந்த நேரம் ரொம்ப நீளமாத் தெரியும். தெரியட்டும்.

சொல்ல வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினா என்ன செய்யறதுன்னு யோசிச்சேன். எனக்குப் பதில் கிடைக்கலே. அதனால அதை எழுதலே.

அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இன்னைக்கே சொல்லிருங்க. தனியாப் போகாதீங்க.

உங்க,
நித்யா


கிணத்துக்கடவு
2.3.2025

அன்பு நித்யாவுக்கு,

எல்லாரும் உடம்புக்குச் சௌக்கியமா இருக்கோம். மனசைப் பத்திக் கீழே எழுதறேன்.

உன் கடுதாசியை உங்கண்ணன் கையில குடுத்தேன். படிச்சிட்டு, "இதுக்காகவா ஆறு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருந்தே? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்"னார். அடுத்த நாள் லீவு போட்டுட்டு நிலையத்து வாசல் வரைக்கும் கூட வந்தார்.

சார் அறையில நாலு நம்பரையும் சொன்னேன். பேசாம இருந்தேன். சார் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பார்த்தார். "ஜூலையிலயே எண்ணியிருக்கே"ன்னார். ஆமா சார்னேன். வேற ஒண்ணும் கேக்கலே. மறுநாள் காலையில அவரே பஸ் ஏறி நம்ம ஊருக்கு வந்து, சுப்பாத்தாள் பெரியம்மா தோட்டத்துல இருபது மரத்து ஓலையை இறக்கச் சொல்லி, தரையில உக்காந்து எண்ணுனார். நான் உதவிக்குப் போனேன். "வேண்டாம், நான் பார்த்துக்கறேன்"னுட்டார். போகும்போது, "பேர் குடுத்தாச்சு. போறதும் போகாததும் உன் இஷ்டம்"னு மட்டும் சொன்னார். மாநாட்டுக்கு அவர் வரலே.

சார்கிட்டச் சொன்ன அன்னைக்கே சாயங்காலம் மாமாகிட்டயும் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தீவனம் வெச்சிட்டு இருந்தார். கூடையை இறக்கி வெச்சிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டனே அம்மணி"ன்னார். அவ்வளவுதான். உள்ளே போயிட்டார். ராத்திரி சாப்பிட வரலே. விடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டுப் பதினோரு பேர் ஊட்டுக்கும் போயிருக்கார், மருந்தை நிறுத்தச் சொல்லி. ரெண்டு பேர் சிரிச்சாங்களாம். ஒருத்தர் திட்டுனாராம். கடைசியா சுப்பாத்தாள் பெரியம்மா ஊடு. "இதைச் சொல்லறதுக்கா வண்டியை எடுத்துட்டு வந்தீங்க? ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க"ன்னு உக்கார வெச்சாங்களாம். இதெல்லாம் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். மாமா என்கிட்டப் பேசறதில்லே. அத்தை நடுவுல நின்னு, "சோறு போடட்டுமான்னு அவ கேக்கறா", "வேண்டாம்னு சொல்லு"ன்னு தூது போயிட்டு இருக்காங்க.

மாநாடு இருபத்தொண்ணாந்தேதி. பதினாலு பேர்ல நான் ஒம்பதாவது. அஞ்சாவது ஸ்லைடுல ரெண்டு கோடு வெச்சிருந்தேன். ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், பிரிச்சே பார்க்க முடியாது. குளவியைப் பத்திச் சொன்னேன். மருந்து அடிக்கறதை நிறுத்திட்டு இந்தக் குளவியை எப்படிக் காப்பாத்தறதுன்னு பார்க்கணும்னு சொன்னேன். நடுவுல ஒருக்கா குரல் உள்ளே போயிருச்சு. சொசைட்டியில பேசின அளவுக்கு நல்லா வரலே நித்யா, அதுதான் உண்மை.

நடுவர் சாஜிதா பேகம் மேடம் கேட்டாங்க: "இந்த முடிவு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூலையிலயே தெரியும் மேடம்."

"இப்பத்தான் வெளிய சொல்லறீங்க. நடுவுல ஏழு மாசம் என்ன பண்ணீங்க?"

"பயந்துட்டு இருந்தேன் மேடம்."

ஒருத்தரும் சிரிக்கலே. மேடம் குனிஞ்சு எதையோ எழுதினாங்க. நன்றின்னு சொன்னாங்க. பரிசு வேற ஒரு பையனுக்குக் கிடைச்சுது, நல்லாத்தான் பேசினான். வெளிய வந்து உங்கண்ணனோட நின்னு ரெண்டு இளநி குடிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் பசிச்சுது.

மார்ச் முப்பத்தொண்ணோட என் வேலை முடியுது. நீட்டிப்பு இல்லேன்னு ஆர்டர் வந்தாச்சு.

அன்புடன்,
பவா


புனே
6.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமுங்க. வெயில் இங்கயும் கொளுத்துது.

உங்க கடிதம் வந்து ஒரு மாசம் பதில் எழுதாம இருந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. என்ன எழுதினாலும் ஆறுதல் சொல்லற மாதிரி இருந்துச்சு, கிழிச்சுப் போட்டேன். வகுப்புல அந்த ஒத்தைக் கோட்டு ஸ்லைடை நல்ல உதாரணம்னு காட்டியிருந்தேனே, அந்தப் பசங்களை மறுபடி கூப்பிட்டு ரெண்டு கோட்டையும் காட்டினேன். நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள என் குரலும் உள்ளே போயிருச்சு அண்ணி. உங்களுக்குச் சொன்னதெல்லாம் எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஒரு பொண்ணு வகுப்பு முடிஞ்சும் போகாம உக்காந்திருந்தா. அவகிட்டயும் ஒரு ஸ்லைடு இருக்காம், வெளிய எடுத்து வெச்சது.

அப்பா பேசறாரா? நான் அவருக்குத் தனியா எழுதட்டுமா, இல்லே விட்டுடட்டுமா?

உங்க,
நித்யா


கிணத்துக்கடவு
22.6.2025

அன்பு நித்யாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மழை பிடிச்சிருக்கு. ஜூலையில இருந்து அவிநாசி பக்கம் ஒரு கல்லூரியில பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க, தற்காலிகந்தான். போகலாம்னு இருக்கேன்.

மாமாவுக்கு நீ எழுத வேண்டியதில்லே. போன மாசம் ஒருநாள், "அம்மணி, அந்தக் குளவி மழைக்குத் தாங்குமா?"ன்னு அவராவே கேட்டார். தாங்கும் மாமான்னேன். அன்னையில இருந்து பழையபடி பேசறார்.

இதை எழுதத்தான் உக்காந்தேன். போன வியாழக்கிழமை மத்தியானம் வாசல்ல யாரோ கூப்பிடற சத்தம். பார்த்தா சுந்தரராஜுலு சார். கையில ரெண்டு பை நிறைய நோட்டுப் புத்தகம். பிப்ரவரிக்கு அப்புறம் அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலே. ரிட்டயர்மென்ட் விழாவுக்குப் போயிருந்தேன், வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். இப்ப செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்து உக்காந்தார். அத்தை மோர் குடுத்தாங்க. அதைக் குடிச்சு முடிச்சிட்டு நோட்டுகளை எடுத்து முன்னாடி அடுக்கினார்.

"பன்னெண்டு வருசக் கணக்கும் இதுல இருக்கு. அடிக்காத மரத்தோட கணக்கையும் சேர்த்து ஒரு கட்டுரையா எழுதிரலாம்னு பார்க்கறேன். இல்லேன்னா நாளைக்கு வேற ஒருத்தன் முதல்ல இருந்து இதையே பண்ணுவான்"னார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒரு மாசமா எழுதறேன் பவதாரணி. எல்லாம் வருது. முடிவுன்னு ஒரு வரி வரணுமில்ல, அது மட்டும் வரமாட்டேங்குதும்மா"ன்னார்.

அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த வரி மூணு பக்கத்துக்கு நீண்டிருந்துச்சு. ஒருவேளை, சில சூழ்நிலைகளில், மேலும் ஆராய்ந்தால், அப்படி இப்படின்னு. எனக்குச் சிரிப்பு வரலே நித்யா. நானும் அதே வரியை ஏழு மாசமா எழுதாம இருந்தவதானே.

"எழுத வேண்டாம் சார். வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்"னேன்.

முதல்ல அவர் தன் வீட்டுப் பாஷையில, தெலுங்குல சொல்லிப் பார்த்தார், எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. அப்புறம் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு நிறுத்தினார். நான் பேனாவைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன், ஒண்ணும் எடுத்துக் குடுக்கலே. மாமா கதவுகிட்ட நின்னுட்டு இருந்தார், அவரும் அசையலே.

கடைசியா சார் தமிழ்ல சொன்னார். "நாங்க தெளிச்ச பூஞ்சாணத்தால வெள்ளை ஈ குறையலே."

எழுதினேன். அவர் பக்கமாத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒருக்கா படிச்சார். விரலை வெச்சு மறுபடி ஒருக்கா படிச்சார்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சுங்க சார்."

"சரி"ன்னு நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார். "அப்ப அடுத்த வரிக்குப் போலாம்."

உன்னைப் பார்த்துக்கோ. லீவு கிடைச்சா வா.

அன்புடன்,
அண்ணி பவா